எண்ணெயிடம் கேட்கும் கேள்வி

ஒரு மின்மாற்றியில் 500 லிட்டர் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 440 கிலோ. அந்த எண்ணெயில் பிசிபி என்னும் வேதிப்பொருள் 22 கிராம் கலந்துவிட்டால் போதும். எடைக்கணக்கில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்ற எல்லையை அது தொட்டுவிடும். பிசிபி திரவம் தண்ணீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். ஆகவே அந்த 22 கிராமைக் கொள்ள 15 மில்லிலிட்டர் இடம் போதும். ஒரு மேசைக்கரண்டி அளவு.

50 பிபிஎம் என்று பொறியாளர்கள் சொல்லும் அந்த எல்லையைத் தாண்டிய எண்ணெயைப் பல நாடுகளின் சட்டங்கள் அபாயப் பொருளாகக் கருதுகின்றன. அதை மற்ற எண்ணெயோடு கலக்கக் கூடாது, மண்ணில் ஊற்றக் கூடாது, அடுப்பில் எரிக்கக் கூடாது. ஆனால் பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எண்ணெயின் நிறம் மாறுவதில்லை, வாடை மாறுவதில்லை, மின்மாற்றியும் வழக்கம்போல் இரைந்துகொண்டு வேலை செய்கிறது. அதற்குள் அந்த ஒரு கரண்டி இருக்கிறதா இல்லையா என்பதை மின்மாற்றி நிற்கும் இடத்திலேயே, சில நிமிடங்களில் கண்டுபிடிக்க முடியும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

தீயைத் தவிர்க்க வந்த திரவம்

மின்மாற்றிக்குள் எண்ணெய்க்கு இரண்டு வேலைகள். சுருள்களுக்கிடையே மின்சாரம் பாய்ந்துவிடாமல் தடுக்க வேண்டும். சுருள்களில் பிறக்கும் வெப்பத்தை வாங்கித் தொட்டியின் சுவர்களிடம் சேர்க்க வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் கனிம எண்ணெய் இரண்டையும் நன்றாகவே செய்கிறது. அதன் பெரிய குறை, அது எரியும் என்பது. சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. அடுக்குமாடிகளின் அடித்தளத்திலும் மருத்துவமனைகளிலும் ரயில் எஞ்சின்களிலும் இப்படியொரு திரவத்தை நூற்றுக்கணக்கான லிட்டர் வைத்திருப்பது ஆபத்து.

அந்தக் கவலைக்கு விடையாக வந்ததுதான் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல், சுருக்கமாக பிசிபி. 1929-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆனிஸ்டன் என்ற ஊரில் ஸ்வான் கெமிக்கல் கம்பெனி இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1935-இல் அந்த நிறுவனத்தை மான்சாண்டோ வாங்கியது. இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டவைத்தால் பைஃபீனைல். அந்த இரட்டை வளையத்தில் குளோரின் அணு உட்காரக்கூடிய இடங்கள் பத்து. எத்தனை குளோரின், எந்தெந்த இடத்தில் என்று மாற்றிமாற்றி வைத்தால் 209 வகைகள் கிடைக்கும். சந்தைக்கு வந்தவை இவற்றில் பலவற்றின் கலவைகள்.

இவை எளிதில் தீப்பற்றுவதில்லை. அமிலம், காரம் எதற்கும் அசைவதில்லை. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்தாலும் கெடுவதில்லை. அமெரிக்காவில் அரோகுளோர், ஜப்பானில் கானெகுளோர், ஜெர்மனியில் குளோஃபென், சோவியத் ஒன்றியத்தில் சோவ்டால் என்று நாட்டுக்கொரு பெயரில் விற்பனையாயின. மின்மாற்றிக்கென்று தயாரான எரியாத திரவங்களைப் பொதுவாக அஸ்கரெல் என்றார்கள்.

கெடாத பொருள் செய்த கேடு

எதற்கும் கெடாத பொருள், வெளியே சிந்தினாலும் கெடாது. 1960-களின் நடுவில் ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன் மீன்களிலும் கடற்கழுகுகளிலும் டிடிடி பூச்சிமருந்தின் எச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கருவியின் வரைபடத்தில் டிடிடிக்குச் சொந்தமில்லாத சிகரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஸ்வீடனில் டிடிடி பரவலாவதற்கு முன்பே அருங்காட்சியகத்தில் சேர்த்துவைத்த கழுகு இறகுகளிலும் அவை இருந்தன. 1966-இல் அவர் அந்தச் சிகரங்களின் சொந்தக்காரரை அடையாளம் சொன்னார்: பிசிபி. தன் மனைவி, மகளின் தலைமுடியிலும் அதைக் கண்டார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் ஜப்பானில் பேரிடி விழுந்தது. 1968-இல் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில், வெப்பமூட்டும் குழாய்களுக்குள் ஓடிய கானெகுளோர் சமையல் எண்ணெயில் கசிந்தது. அந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் கட்டிகள், கண் இமை வீக்கம், கைகால் மரத்துப்போதல். கருமை படர்ந்த தோலோடு குழந்தைகள் பிறந்தன. யூஷோ என்று அந்த நோய்க்குப் பெயர் வந்தது. 1979-இல் தைவானில் ஏறத்தாழ இதே விபரீதம் சுமார் 2000 பேரைத் தாக்கியது. இரண்டு இடங்களிலும் பிசிபியோடு, அது சூடாகும்போது உருவாகும் ஃபியூரான்களும் சேர்ந்தே நஞ்சூட்டின. 2013-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பிசிபிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில் சேர்த்தது.

எரியாது என்று நம்பி வைத்த திரவம், தீக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்பதை 1981 பிப்ரவரி 5-ஆம் தேதி உலகம் அறிந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில், 18 மாடி அரசு அலுவலகத்தின் அடித்தளத்தில் மின்கோளாறால் தீ. வெப்பத்தில் மின்மாற்றி விரிசல்விட்டு அஸ்கரெல் வழிந்தது. அதன் புகைக்கரியில் டையாக்சின்கள் என்னும் கடும் நச்சுகளும் ஃபியூரான்களும் இருந்தன. காற்றுக் குழாய்கள் வழியாக அந்தக் கரி எல்லா மாடிகளிலும் படிந்தது. கட்டடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் திறக்கும்போது 1994 ஆகிவிட்டது.

பெயர்ப்பலகை சொல்லாத கதை

அஸ்கரெல் நிரப்பிய மின்மாற்றியை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம் இல்லை. பெயர்ப்பலகையில் திரவத்தின் பெயர் இருக்கும். பலகை தேய்ந்திருந்தால், கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாலே போதும். கனிம எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.88, மிதக்கும். அஸ்கரெலின் அடர்த்தி சுமார் 1.5, மூழ்கும்.

தொல்லை தருபவை மற்ற மின்மாற்றிகள். இவற்றில் ஆலையிலிருந்து வரும்போது கனிம எண்ணெய் மட்டுமே இருந்தது. பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் மின்மாற்றியின் வாழ்நாள் 30, 40 ஆண்டுகள். இடையில் எண்ணெய் குறையும், மேலே ஊற்றுவார்கள். எண்ணெயில் ஈரமும் கசடும் சேரும். வடிகட்டும் இயந்திரத்தை லாரியில் கொண்டுவந்து, எண்ணெயை அதன் வழியே சுழற்றிச் சுத்தம் செய்வார்கள். காலையில் அஸ்கரெல் மின்மாற்றி ஒன்றில் வேலை செய்த இயந்திரமும் குழாயும் பிற்பகலில் கனிம எண்ணெய் மின்மாற்றிக்குப் போகும். மீன் குழம்பு கிண்டிய கரண்டியைக் கழுவாமல் சாம்பாரில் விட்ட கதைதான். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருப்பதே 15 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மின்மாற்றியின் எண்ணெய் பிறகு பொதுப் பீப்பாய்க்கு வரும். பீப்பாயிலிருந்து பத்து மின்மாற்றிகளுக்குப் போகும்.

கலந்தபின் தண்ணீர்ச் சோதனை பயன்படாது. பிசிபி கனமானதுதான், ஆனாலும் எண்ணெயில் முழுமையாகக் கரைந்துவிடுவதால் அடியில் தங்குவதில்லை. 50 பிபிஎம் கலந்த எண்ணெயும் தண்ணீரில் மிதக்கவே செய்யும். ஆகவே பலகையைப் படித்தோ, தயாரித்த ஆண்டைப் பார்த்தோ ஒரு மின்மாற்றியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றின் எண்ணெயையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

இந்த எண்ணெய் மின்வாரியத்தின் வேலிக்குள் மட்டும் இருப்பதுமில்லை. கென்யாவில் மின்மாற்றிகளிலிருந்து எண்ணெயைத் திருடிப் பலகாரம் பொரிக்க விற்றிருக்கிறார்கள். இலங்கையில் பழைய மின்மாற்றி எண்ணெய் வெல்டிங் பட்டறைகளுக்குப் போய், வெல்டிங் இயந்திரங்களைக் குளிர்விக்கப் பயன்பட்டிருக்கிறது. அங்கே தொழிலாளியின் வெறுங்கை அதில் தோயும். 1999-இல் பெல்ஜியத்தில், கால்நடைத் தீவனத்துக்குச் சேகரித்த கழிவுக் கொழுப்பில் பிசிபி எண்ணெய் கலந்தது. கலந்த பிசிபியின் அளவு ஏறத்தாழ 50 கிலோதான். கோழி, முட்டை, பன்றி இறைச்சி என்று உணவுச் சங்கிலி நெடுக அது பரவியது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அந்த ஜூன் மாதத் தேர்தலில் பிரதமர் ழான்-லுக் டெஹானின் அரசு தோற்றது.

இரண்டு குழாய்கள், ஒரு நிறம்

ஆய்வகத்தில் பிசிபியை அளக்க வாயு நிறப்பிரிகைக் கருவி இருக்கிறது. அதன் முனையில், 1957-இல் ஜேம்ஸ் லவ்லாக் கண்டுபிடித்த எலக்ட்ரான் பிடிப்பு உணரி இருக்கும். குளோரின் கொண்ட மூலக்கூறுகளை அது மிக நுட்பமாக மோப்பம் பிடிக்கும். எந்த வகைப் பிசிபி, எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இந்தக் கருவிதான். ஆனால் கருவிக்கு விலை அதிகம், பயிற்சி பெற்றவர் வேண்டும், மாதிரி ஆய்வகத்துக்குப் போய் விடை திரும்ப நாளாகும். லட்சக்கணக்கான மின்மாற்றிகள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் இந்த வழியில் அனுப்புவது நடைமுறைக்கு ஒவ்வாது.

களச் சோதனை வேறொரு கேள்வியைக் கேட்கிறது. தூய கனிம எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும்தான் பெரும்பங்கு. குளோரினுக்கு அங்கே வேலை இல்லை. அப்படியானால் பிசிபியைத் தேடுவதற்குப் பதிலாக, குளோரின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் என்ன? குளோரினே இல்லையென்றால் பிசிபியும் இருக்க முடியாது.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1872-இல் பைல்ஷ்டைன் சொன்ன சோதனை அது: செம்புக் கம்பியை எண்ணெயில் தொட்டுச் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்போது சுடர் பச்சையாகும். பிசிபியை இப்படி எரித்தால் நாம் அஞ்சும் டையாக்சின்களே சோதிப்பவரின் மூக்குக்கருகில் உருவாகலாம். அதனால் இந்தச் சோதனையைக் கைவிடுவதே நல்லது.

இப்போது உலகெங்கும் பயன்படுவது சிறு பெட்டிக்குள் அடங்கும் வேதிச் சோதனை. அமெரிக்காவின் டெக்சில் நிறுவனம் தயாரிக்கும் குளோர்-என்-ஆயில் இதில் பரவலாக அறியப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 9079 என்ற எண்ணிட்டு இந்த முறையை ஏற்றிருக்கிறது. பெட்டியில் இரண்டு நெகிழிக் குழாய்கள். அவற்றுக்குள் மெல்லிய கண்ணாடிக் குப்பிகளில் அளந்துவைத்த வேதிப்பொருள்கள். குழாயை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே குப்பி உடையும். அளவை, தராசு எதுவும் தேவையில்லை.

முதல் குழாயில் 5 மில்லிலிட்டர் எண்ணெயை எடுத்து இரண்டு குப்பிகளை உடைக்க வேண்டும். ஒன்றில் இருப்பது பாச்சை உருண்டை செய்யப் பயன்பட்ட நாஃப்தலீன், கரைசலாக. மற்றதில் சோடியம் உலோகத் துகள். சோடியம் தன் எலக்ட்ரானை நாஃப்தலீனிடம் கொடுக்கும். நாஃப்தலீன் அதைப் பிசிபி மூலக்கூறிடம் சேர்க்கும். எலக்ட்ரானை வாங்கிய இடத்தில் குளோரினுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்து, குளோரின் அணு குளோரைடு அயனியாக வெளியேறும். அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாத மூலக்கூறு, இங்கே ஒரு நிமிடக் குலுக்கலில் தன் குளோரின்களை இழந்துவிடுகிறது.

அடுத்து நீர்க்கரைசல் ஒன்றைச் சேர்க்கிறோம். மிச்சமிருக்கும் சோடியத்தை அது செயலிழக்கச் செய்யும். குளோரைடு உப்பின் குணம் கொண்டது. எண்ணெயை விட்டு நீருக்குள் இறங்கிவிடும். எண்ணெய் மேலே, நீர் கீழே என்று பிரிந்ததும் நீரை மட்டும் வடிகட்டி இரண்டாம் குழாய்க்கு மாற்றுகிறோம்.

இரண்டாம் குழாயில்தான் தீர்ப்பு. முதலில் உடையும் குப்பியில் திட்டமான அளவு பாதரச நைட்ரேட் இருக்கிறது. பாதரசத்துக்கும் குளோரைடுக்கும் ஈர்ப்பு அதிகம். கிடைத்த குளோரைடை எல்லாம் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அடுத்த குப்பியில் டைஃபீனைல் கார்பசோன் என்ற நிறங்காட்டி. தனித்து நிற்கும் பாதரசத்தைக் கண்டால் அது ஆழ்ந்த ஊதா நிறம் காட்டும். குளோரைடு குறைவாக இருந்தால் பாதரசம் மிச்சமாகும், கரைசல் ஊதா. குளோரைடு மிகுதியாக இருந்தால் பாதரசம் முழுவதும் பிணைந்துபோகும், ஊதா தோன்றாது. ஊதா வந்தால் எண்ணெய் எல்லைக்குள் இருக்கிறது. வராவிட்டால் சந்தேகத்துக்குரியது.

எந்தப் பக்கம் தவறுவது?

இந்தச் சோதனையின் சிறப்பு, பாதரசத்தின் அளவை எங்கே நிறுத்துவது என்று எடுத்த முடிவில் இருக்கிறது. அரோகுளோர் 1242 என்ற கலவையில் எடையில் 42 விழுக்காடு குளோரின். ஆகவே அதன் 50 பிபிஎம்மில் குளோரின் 21 பிபிஎம். அரோகுளோர் 1260-இல் குளோரின் 60 விழுக்காடு. அதன் 50 பிபிஎம்மில் 30 பிபிஎம் குளோரின் இருக்கும். மின்மாற்றிக்குள் கலந்திருப்பது எது என்று நமக்குத் தெரியாது. சோதனையை 30-க்கு வைத்தால், 1242 கலந்த எண்ணெய் 50 பிபிஎம்மைத் தாண்டிய பிறகும் நல்லது என்று தப்பிவிடக்கூடும். அதனால் எல்லையை 1242-ஐ ஒட்டியே, ஏறத்தாழ 20 பிபிஎம் குளோரினில் வைத்திருக்கிறார்கள். விளைவாக, 1260 கலந்த எண்ணெய் சுமார் 35 பிபிஎம்மிலேயே சிக்கிவிடும்.

குளோரின் எங்கிருந்து வந்தாலும் சோதனைக்கு ஒன்றுதான். தொட்டியைத் துடைக்கப் பயன்படுத்திய குளோரின் கலந்த கரைப்பானும் ஊதா நிறத்தைத் தடுக்கும். விரல் வியர்வையின் உப்பும், கடலோரத் துணைமின்நிலையத்தின் வால்வில் படிந்த உப்பும் அதையே செய்யும். நல்ல எண்ணெயைக் கெட்டது என்று இந்தச் சோதனை சில வேளைகளில் சொல்லிவிடும். அந்தப் பிழை நமக்குக் கட்டுப்படியாகும். அந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். கெட்ட எண்ணெயை நல்லது என்று சொல்லும் பிழைதான் கட்டுப்படியாகாது. ஏனென்றால் அந்த மின்மாற்றியை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். இரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்க முடியாதபோது, எதைத் தாங்க முடியுமோ அதன் பக்கம் சாய்வது நல்ல அறிவியல். இந்தச் சோதனையைத் திட்டமிட்டவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வழியில் இதையும் ஏமாற்றிவிட முடியும்: ஈரம். எண்ணெயில் தண்ணீர் மிகுந்திருந்தால் சோடியம் அதோடு வினைபுரிந்து செலவாகிவிடும். பிசிபியின் குளோரின் அறுபடாமல் தங்கிவிடும். ஊதா வரும், ஆனால் அது பொய். ஆகவே சோதனையின் நம்பகம் மாதிரி எடுப்பவரின் கையில் இருக்கிறது.

அந்தக் கையின் வேலையைச் சொல்லியாக வேண்டும். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, பூமி இணைப்பு கொடுக்க வேண்டும். பிசிபி பல ஆண்டுகளில் செய்யும் தீங்கை மின்சாரம் ஒரு நொடியில் செய்துவிடும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி அணிய வேண்டும். அடிவால்வைத் துடைத்து, அங்கே தேங்கிய எண்ணெயைச் சிறிது வடித்துவிட்டுத்தான் மாதிரியைப் பிடிக்க வேண்டும். வடித்ததைத் தரையில் விடாமல் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மின்மாற்றிக்குப் பயன்படுத்திய குழலை அடுத்ததற்குப் பயன்படுத்தவே கூடாது. சோதனை முடிந்த குழாய்களில் பாதரசம் இருக்கிறது. அவையும் அபாயக் கழிவுதான்.

விடை கிடைத்த பிறகு

ஆய்வகம் பிசிபிதான் என்று உறுதிசெய்தால், மின்மாற்றிமேல் எச்சரிக்கை ஒட்டி, தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் வழிகளில் ஒன்று, நாம் சோதனைக் குழாயில் பார்த்த அதே வேதியியல்: பெரிய கலனில் சோடியத்தைக் கொண்டு குளோரினைப் பிரித்தெடுப்பது. சுத்தமான எண்ணெயை மீண்டும் பயன்படுத்தலாம். பிசிபி செறிந்த திரவத்தை எரிப்பதானால் 1100 டிகிரிக்கு மேல், அதற்கென்றே கட்டிய உலையில் மட்டும்.

எண்ணெயை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. சுருள்களைச் சுற்றிய காகிதமும் உள்ளே உள்ள மரத்துண்டுகளும் ஆண்டுக்கணக்கில் பிசிபியை உறிஞ்சிவைத்திருக்கும். புதிய எண்ணெய் சூடாகி ஓடும்போது அது மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். அதனால்தான் அமெரிக்க விதிகள், பிசிபி மிகுந்திருந்த மின்மாற்றியில் எண்ணெயை மாற்றினால், அதைக் குறைந்தது 90 நாள் ஓடவிட்டு மறுபடியும் சோதிக்கச் சொல்கின்றன.

இதற்குக் காலக்கெடுவும் உண்டு. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி உள்ள கருவிகளை 2025-க்குள் பயன்பாட்டிலிருந்து அகற்றவும், அவற்றின் கழிவை 2028-க்குள் பாதுகாப்பாகக் கையாண்டு முடிக்கவும் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியா 2006-இல் அதை ஏற்றது. 2016-இல் வந்த பிசிபி ஒழுங்குமுறை ஆணை அவற்றின் உற்பத்தியையும் இறக்குமதியையும் தடைசெய்து, கருவிகளில் பயன்படுத்துவதற்கு 2025 டிசம்பர் 31-ஐ இறுதி நாளாக்கியது. நாடு முழுவதும் மின்மாற்றிகளைக் கணக்கெடுக்கும் பணியில் பெங்களூரின் மத்திய மின் ஆராய்ச்சி நிலையம் பங்கேற்றது.

காலக்கெடு தானாக எந்த எண்ணெயையும் சுத்தம் செய்யாது. பழைய மின்மாற்றி ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் செம்புக்காக அதைப் பிரிக்கிறார். எண்ணெய் பீப்பாயில் சேர்கிறது. அங்கே இன்னொரு ஏமாற்றமும் நடக்கக்கூடும். 500 பிபிஎம் உள்ள 200 லிட்டர் எண்ணெயை 2000 லிட்டர் நல்ல எண்ணெயோடு கலந்தால் கலவை சுமார் 45 பிபிஎம், எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் ஒரு துளி பிசிபிகூடக் குறைந்திருக்காது. பத்து மடங்கு எண்ணெயில் பரவி, இனிப் பிரித்தெடுக்கவே முடியாத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே இந்தச் சோதனைக்கு மூன்று இடங்களில் விலக்கே இருக்கக் கூடாது. வடிகட்டும் இயந்திரத்தின் குழாயை மின்மாற்றியில் மாட்டுவதற்கு முன். பழுதுபார்க்கும் பட்டறையில் தொட்டியைத் திறப்பதற்கு முன். கழித்துக்கட்டிய மின்மாற்றியை ஏலத்துக்கு விடுவதற்கு முன். இந்த மூன்று இடங்களிலும் எண்ணெய் இன்னும் தன் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அப்போது சோதித்தால் ஒரு மின்மாற்றியைச் சுத்தம் செய்வதோடு முடியும். கலந்த பிறகு சோதித்தால் இயந்திரம், பீப்பாய்கள், கிடங்கு, அந்தக் கிடங்கிலிருந்து எண்ணெய் வாங்கிய ஒவ்வொரு மின்மாற்றி என்று எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டிவரும்.